இழுத்து நெய்த ஒரு அடி

கால் துடைக்கிற துணியை நெய்யக் கற்றுக்கொள்ள ஆறு மாதப் பயிற்சி என்றும், அதற்கு ஒரு டீச்சர், வருகைப் பதிவேடு, கழுத்தில் தொங்கவிட அட்டை எல்லாம் உண்டு என்றும் என் மனைவி வந்து சொன்ன அன்று நான் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏளா, கிழிஞ்ச சாக்க வாசல்ல போட்டா அது காலு தொடைக்க மாட்டேன்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"இது கால்மிதி இல்ல. தறியில நெய்யுற விரிப்பு. கூடத்துல விரிக்கது."

"நம்ம வீட்டுல கூடம் எங்கன இருக்கு?"

அதற்கும் நானேதான் சிரித்துக்கொண்டேன். அவள் உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

பயிற்சியை நடத்தியது சென்னையிலிருந்து வந்த ஓர் அறக்கட்டளை. கடற்கரைப் பெண்களை முன்னேற்றாவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. இதற்கு முன்னால் ஒரு கூட்டம் வந்து மெழுகுவர்த்தி ஊற்றச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன்னால் வந்த கூட்டம் சிப்பியில் சாவிக்கொத்து செய்யச் சொன்னது. கோயிலுக்குப் பக்கத்திலிருக்கிற சமூகக்கூடத்தின் அலமாரியைத் திறந்தால் அந்தச் சாவிக்கொத்துகள் வளையம் துருப்பிடித்து ஒரு வாளி நிறையக் கிடக்கும். இப்போது அதே கூடத்தில் விரிப்பு. திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சுகிற நாடாத் துணியை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். திருப்பூர்க்காரன் குப்பையை அள்ள எங்கள் ஊர்தான் கிடைத்தது.

டீச்சர் சாத்தான்குளத்துப் பக்கம். படித்த குடும்பம், அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். எதைச் சொன்னாலும் கடைசியில் "சரியா?" என்று கேட்பார். ஆறு மாதத்தில் அந்த 'சரியா' என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு இல்லை என்றால், "நாளைக்குப் போடுதேன், சரியா?" என்பாள் என் மனைவி. எரிச்சல் எரிச்சலாக வரும்.

நான் விசைப்படகுகளுக்கு வலை கட்டுகிறவன். முப்பது வருசம். துறைமுகத்தில் எந்தப் படகுக்காரனைக் கேட்டாலும் என் கை எப்படி என்று சொல்வான். நான் போட்ட முடிச்சு நழுவியது என்று இதுவரைக்கும் ஒருவன் வந்து சொன்னதில்லை. வலை வேலையில் பாதி வேலை இழுப்புதான். ஊசியை நுழைத்துக் கண்ணியைப் பிடித்து, நூல் விரலை அறுக்கிற மாதிரி இழுத்து இறுக்க வேண்டும். இழுக்காத நூல் நூலே இல்லை. அப்படிப்பட்ட எனக்கு இந்தப் பனியன் நாடாவைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஆனால் என் மனைவிக்கு அது விளையாட்டு இல்லை. அதை நான் அப்போதே அறிவேன். தெரியாது என்று இப்போது எழுதினால் அது பொய். அவள் பதினெட்டு வருசமாக இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும். பூண்டு உரித்தால் எரியும், சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் எரியும். மழைக்காலத்தில் நகக்கண்ணில் சீழ் வைக்கும். பயிற்சி முடிந்ததும், யார் கை நன்றாக இருக்கிறதோ அவளை அந்தக் கூடத்துக்கே டீச்சராக வைத்துக்கொள்வோம் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை. கையை ஐஸில் விடவேண்டாம். பன்னிரண்டு பெண்களில் அந்த வேலை இவளுக்குத்தான் என்று மற்ற பதினொரு பேரும் பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான் இரண்டாவதாகச் சொல்லத் தகுந்தவள். அவளோ ஒரு வாளிக் கயிற்றுக்கு ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாதவள். இந்த லட்சணத்தில் அவளுக்கு விரிப்பு வேறு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கடைசி இரண்டு மாதம் தேர்வு விரிப்பை அவரவர் வீட்டிலேயே நெய்து கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். அதற்காக ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய்ச் சட்டம் என் வீட்டு முன்னறைக்கு வந்தது. அதுதான் தறியாம். மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்குமாகப் பருத்தி நூலை வரிசையாகக் கட்டியிருக்கும், அது பாவு. குறுக்கே போகிற பனியன் நாடா ஊடை. என் நாற்காலி இருந்த இடத்தில் அந்தச் சனியன் நின்றது. நான் டி.வி. பார்க்க வேண்டுமானால் பாவு நூலின் இடுக்கு வழியாகச் செய்தி வாசிக்கிற பெண்ணின் பாதி முகத்தைத்தான் பார்க்க முடியும்.

அவள் நெய்வதைப் பார்த்தால் எனக்குக் கை நமநமவென்று இருக்கும். நாடாவைப் பாவுக்குள் நுழைப்பாள், ஒரு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. மறு ஓரத்தில் வெளியே எடுத்ததும் இழுப்பாள் என்று பார்த்தால் இழுக்கமாட்டாள். நடுவில் குன்று மாதிரி வளைத்துத் தொளதொளவென்று விட்டுவிட்டு, இரும்புச் சீப்பால் நடுவிலிருந்து கீழே தட்டுவாள். அப்புறம் மூன்றடிக்கு வெட்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்து, விரிப்பின் இரண்டு ஓரத்துக்கும் வைத்து அகலம் பார்ப்பாள். நாலு வரிசைக்கு ஒரு தடவை அளவு. கலெக்டர் ஆபீஸ் கட்டுகிற கொத்தனார்கூட அத்தனை தடவை அளக்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"இழுத்து விட்டா என்ன, கை வலிக்குமா?"

"இழுக்கக் கூடாது. ஊடை மேலயும் கீழயும் ஏறி எறங்கிப் போகணும்லா? நேரா இழுத்துட்டா அந்த ஏத்த எறக்கத்துக்கு நீளம் எங்கயிருந்து வரும்? ஓரத்துப் பாவை உள்ள இழுத்துக்கிட்டுதான் வரும். விரிப்பு ஒடுங்கிரும்."

"யாரு சொன்னா?"

"டீச்சர் சொன்னாவ."

"டீச்சரு எத்தன வலை கட்டியிருக்காவ?"

அவள் சீப்பை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது வலை இல்ல" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. சம்பாதிக்கிற கையைப் பார்த்து, உனக்கு இது தெரியாது என்று சொல்கிற அளவுக்கு அந்தப் பயிற்சி அவளுக்கு மண்டைக்கனம் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது வேம்பாரிலிருந்து போன் வந்தது. அவள் தங்கை மகளுக்குப் பிரசவ வலி. துணைக்கு ஆள் இல்லை. விரிப்பில் இன்னும் ஒரு அடிதான் பாக்கி. ரெண்டு நாளில் வந்து முடித்துவிடலாம் என்று கிளம்பினாள். பிள்ளை அவ்வளவு லேசில் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆபரேசன் என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"பரீட்சை அன்னைக்குக் காலையிலதான் வர முடியும்போல. முதல் பஸ்ஸப் புடிச்சு நேரா கூடத்துக்கு வந்துருதேன். நீரு தறிய மட்டும் லோடு ஆட்டோல ஏத்தி அங்கன கொண்டாந்துரும். ஒரு அடி பாக்கின்னு டீச்சர்ட்ட சொல்லிட்டேன். அங்கனயே உக்காந்து முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாவ."

"சரி."

"இஞ்ச பாரும், அதத் தொடாதேயும். என்ன?"

தொடாதேயாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. போனை வைத்துவிட்டுத் தறியைப் பார்த்தேன். நாலடி நெய்திருந்தாள், நீலமும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாக. அழுத்திப் பார்த்தேன். மெத்து மெத்தென்று இருந்தது. வலைக்காரன் பெண்டாட்டி நெய்தது என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு. இந்த ஒரு அடியை நான் ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறேன், பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும் இது வலை இல்லை என்று. அவளுக்கு உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தான்.

முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். பெண்பிள்ளைகள் வேலையை உட்கார்ந்து செய்வதை ஒருத்தன் பார்த்துவிட்டால் துறைமுகம் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவான். நடுவில் என்னோடு வலை கட்டுகிறவன் ஒருத்தன் வந்து, "ஏலே, வாரியா? படகு வந்துட்டு" என்று கதவைத் தட்டினான். காய்ச்சல் என்று உள்ளேயிருந்தே சொன்னேன். போர்வையை எடுத்துத் தறிமேல் போட்டுவிட்டு, அவன் செருப்புச் சத்தம் போகும்வரை மூச்சுக்கூட விடாமல் நின்றேன்.

அப்புறம் நெய்தேன். அந்தக் குன்று வளைப்பு எல்லாம் என்னிடம் கிடையாது. ஒவ்வொரு வரிசையும் நுழைத்ததும் காலைச் சட்டத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். பனியன் நாடா ரப்பர் மாதிரி நீளும். அது நீள நீள எனக்கு ஆனந்தம். சீப்பால் தட்டினால் டொக்கு டொக்கு என்று பலகையைத் தட்டுகிற சத்தம் வந்தது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டைத் தொடவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவையா ஒரு குழாய் சொல்லப்போகிறது? சாயங்காலத்துக்குள் முக்கால் அடி. மறுநாள் காலையில் மீதி. விரல் வைத்து அழுத்தினால் உள்ளே போகவில்லை. பிரமாதம் என்று சொல்லிக்கொண்டேன். வரிசைக்கு ஒரு மயிரிழை வீதம் ஓரம் உள்ளே வந்துகொண்டிருந்ததை, மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்த இந்த மேதை கவனிக்கவில்லை.

தேர்வு அன்று போர்வை சுற்றியபடியே தறியை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். பன்னிரண்டு தறிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. அறக்கட்டளையிலிருந்து இரண்டு அம்மாமார் வந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் பாசிமணியும் கையில் இன்ச்டேப்புமாக இருந்தார். என் மனைவி பஸ்ஸிலிருந்து நேராக ஓடிவந்தாள். முகம் கழுவவில்லை, தலை சீவவில்லை, கையில் ஆஸ்பத்திரிப் பை. நான் ஜம்பமாகப் போர்வையை உருவினேன்.

பத்தடி தூரத்திலிருந்து நானும் அப்போதுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். கீழே நாலடி தகடு மாதிரி நேராக இருந்தது. மேலே ஒரு அடி, கழுத்தை நெரித்துக் கட்டிய உப்பு மூட்டை. இரண்டு பக்கமும் பாவு நூல் சரிந்து, ஓரத்தில் இரண்டு நூல் அறுந்தே போயிருந்தது. அவள் "மாதாவே" என்றாள். சத்தம்கூட வரவில்லை, உதடுதான் அசைந்தது.

பாசிமணி அம்மா வந்து டேப்பை வைத்தார். கீழே மூன்றடி சரியாக இருந்தது. மேலே நாலு விரல் குறைந்தது.

"என்னம்மா இது? கீழ ஒரு கை, மேல ஒரு கை மாதிரி இருக்கே. யார் நெய்தது?"

என் மனைவி நிமிர்ந்து நின்றாள். "கீழ நாலடி நான் நெய்தது. மேல உள்ள ஒரு அடி என் கை இல்ல."

"அப்போ யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. நான் சொல்வேன் என்று நம்பி, எனக்கு இடம் விட்டு நின்றாள். "அவியளே சொல்லட்டும்" என்றாள்.

கூடத்திலிருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எல்லாம் எனக்குத் தெரிந்த பெண்கள். எல்லாரும் என்னோடு வேலை பார்க்கிறவன்களின் மனைவி, தங்கை, மகள். சொன்னால் சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குச் செய்தி போய்விடும். வலைக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு கால்மிதி நெய்தானாம், அதுவும் கோணலாக நெய்தானாம். ஊர்ப் பெண்களையெல்லாம் வாய் ஓயாமல் நக்கல் அடிக்கிற எனக்கு அப்போது வாயில் கொழுக்கட்டை. டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா, அண்ணாச்சி?"

"எனக்கு என்ன தெரியும்? நான் சுமந்துக்கிட்டு வந்தவன்" என்றேன்.

அதைச் சொன்ன நாக்கு இதுதான். இன்னும் என் வாயில்தான் இருக்கிறது, மூன்று வேளையும் ருசி பார்க்கிறது.

பாசிமணி அம்மா நோட்டில் எதையோ எழுதினார். தப்பாக நெய்வது பெரிய குற்றம் இல்லையாம், அதைப் பிரித்து மறுபடி நெய்யலாமாம். வேறு ஆளை வைத்து நெய்துவிட்டு, கேட்டால் ஒளிக்கிறவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எப்படி வைப்பது என்றார். வேலை எதிர்வீட்டுக்காரிக்குப் போனது. அவள் விரிப்பைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். முடிச்சுப் போடத் தெரியாத கைக்கு இழுக்கவும் தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்த அம்மாமாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளுக, இவளுகளுக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும் என்று. அவள் ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தபடி வந்தாள். மறுநாள் விடியற்காலையில் கம்பெனி வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வேலை போனதோடு முடியவில்லை. தெருக்குழாயில் பேச்சு கிளம்பியது. இவள் கயத்தாறுப் பக்கத்திலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து நெய்யவைத்தாள் என்றார்கள். ஆறு மாதமும் அப்படித்தான் என்றாள் ஒருத்தி. கம்பெனியில் இறால் உரிக்கிற மேசையில், "டீச்சரம்மா, இந்தக் கூடையையும் ஆள் வச்சு உரிச்சிருங்க" என்று கேலி பேசினார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வேனில் வந்த இன்னொருத்தி சொன்னாள். என் மனைவியை மெலிந்தவள், கறுத்தவள் என்று யாரும் என்னமும் சொல்லலாம். பொய்க்காரி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதையும் நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன், இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. அப்படி இழுக்கிறது வலைக்காரங்க கை மட்டும்தான்."

"நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"நான் எப்படிச் சொல்ல? நீங்க எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே. இப்ப ஆர்டர் போட்டாச்சு. மாத்தமாட்டாங்க, சரியா?" பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரிதான் சொன்னேன், வெட்கங்கெட்டவன். அவள் விரல்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ் ஸ்டாப்புல வச்சா சொன்னீரு?"

"ஆமா."

"என்னப் பொய்க்காரின்னு ஆக்குனது பஸ் ஸ்டாப்புல வச்சா?"

அவள் அடுத்த விரலுக்கு மருந்தைப் பிதுக்கினாள்.

"அத்தன பேரு முன்னால ஆக்குனீருல்லா, அத்தன பேரு முன்னால போய்ச் சொல்லும். வேலை போனாப் போகுது. எங்கம்மா என்னப் பெத்து பொய்க்காரின்னு பேரு வைக்கல." அந்தச் சின்ன மருந்து டியூபின் மூடி அவள் விரலுக்குப் பிடிபடவில்லை. நான் வாங்கி மூடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமை கம்பெனி லீவு. கூடத்தில் புது வகுப்பு. பழைய பெண்கள் எல்லோரும் இப்போது அங்கேயே நெய்கிறார்கள், புதிதாகவும் பத்துப் பேர். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சீப்புத் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எதிர்வீட்டுக்காரி கையில் நாடாவோடு எழுந்து வந்தாள்.

"என்ன அண்ணாச்சி? யாரத் தேடுதீக?"

மூன்று நாளாக வீட்டில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், அந்த விரிப்பில் மேல் ஒரு அடி நான் நெய்தது, அவளுக்குத் தெரியாது, தொடாதே என்றுதான் சொன்னாள், நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு நெய்தேன் என்று. முணுமுணுப்பாகத்தான் வந்தது. எனக்கே பாதி கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. நல்ல மனசுக்காரிதான் போலிருக்கிறது, இத்தனை வருசம் எனக்குத் தெரியவில்லை. "சரி அண்ணாச்சி, விடுங்க, நடந்தது நடந்துபோச்சு. நீங்க போங்க" என்று என்னைக் காப்பாற்றி அனுப்பிவிடப் பார்த்தாள். நானும் செருப்பைப் பார்த்துத் திரும்பினேன்.

வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது என் பின்னால் வந்தாள் என்று தெரியாது. வழியை விடவில்லை.

"பின்னால கேக்கல" என்றாள். "இன்னொருக்க சொல்லும். நல்லாச் சத்தமா."

நான் உள்ளே திரும்பி, தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.